எந்தக் கரையில் தூங்கினாய்?

கண் விழித்ததும் தமிழ்மணி திடுக்கிட்டு நிமிர்ந்தான். விழித்தான் என்றால், அதற்கு முன்னால் தூங்கியிருக்கிறான் என்று அர்த்தம்.

தில்லை நகர் ஆஸ்பத்திரி ஒன்றின் இரண்டாம் மாடி வராந்தா. பிளாஸ்டிக் நாற்காலி. சுவர்க் கடிகாரத்தில் ஆறு பத்து. எதிர் நாற்காலியில் அவன் மச்சினன் மதுரைவீரன், இரண்டு காகிதக் கப்புகளில் காபியை வைத்துக்கொண்டு, அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நல்ல தூக்கம் போல மாமா.”

“தூங்கலை. கண்ணை மூடிட்டு இருந்தேன்.”

“கண்ணை மூடிட்டு குறட்டை விட்டீங்க. நர்ஸ் ரெண்டு தடவை வந்து தட்டிட்டுப் போனாங்க.”

தமிழ்மணி காபியை வாங்கவில்லை. எழுந்தான். வராந்தாவின் கடைசி வரை நடந்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

“அக்கா முழிச்சிருச்சு. வலி இல்லையாம். நீங்க ஏன் இப்படி அலையறீங்க?” என்றான் மதுரைவீரன். பிறகு அவனே, “ஓ” என்றான். அவனுக்கும் இன்று என்ன கிழமை என்று நினைவு வந்துவிட்டது.

ஒரு மனுஷன், பெண்டாட்டிக்கு ஆபரேஷன் நடந்த ராத்திரியில், களைத்துப்போய் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்தால் அதில் என்ன குற்றம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அவர்களுக்குத் தீவு லெவனையும் மேலப்புதூர் யூனியனையும் தெரியாது.

தீவு லெவன் ஸ்ரீரங்கத்துக் கால்பந்து அணி. யூனியன் திருச்சி அணி. நடுவில் காவிரி. 1982-லிருந்து வருஷத்துக்கு ஒரே ஒரு ஆட்டம், பிப்ரவரி மாதத்து இரண்டாவது ஞாயிறு. ஒரு வருஷம் இந்தக் கரை மைதானம், ஒரு வருஷம் அந்தக் கரை மைதானம். கொரோனா கொஞ்சம் தின்றது போக இதுவரை நாற்பது ஆட்டங்கள். யூனியன் பதினாறு, தீவு பதினைந்து, மீதி டிரா. கோப்பை என்று ஒன்று கிடையாது. ஜெயித்தவர்கள் ஒரு வருஷத்துக்குச் சிரிக்கலாம், அதுதான் பரிசு.

நான்காவது வருஷம் ஒரு தகராறு வந்தது. யூனியனின் நல்ல ஃபார்வர்டு ஒருவர் வீடு மாற்றிக்கொண்டு திருவானைக்காவல் போய்விட்டார். திருவானைக்காவல் தீவில் சேர்த்தி. அவர் எங்கள் ஆள் என்றது தீவு. ரேஷன் கார்டு பாலக்கரையில் இருக்கிறது, அதனால் எங்கள் ஆள் என்றது யூனியன். மாமியார் வீடு ஒரு கரை, வேலை ஒரு கரை, வீடு ஒரு கரை. இரண்டு பல்லும் ஒரு கோல் கம்பமும் உடைந்த பிறகு, இரண்டு கிளப் செயலாளர்களும் சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து ஒரு விதி எழுதினார்கள்: ஆட்டத்துக்கு முந்தைய இரவு எந்தக் கரையில் தூங்கினானோ, அந்தக் கரைக்கு ஆட வேண்டும்.

சுலபமான விதி. ஆனால் இத்தனை வருஷங்களில் அதை வைத்து நடக்காத கூத்து இல்லை. தீவின் விங்கர் ஒருவரை, யூனியன்காரர்கள் மாதா கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டு, பிரியாணி போட்டுத் தூங்க வைத்தார்கள். மறுநாள் அவரை யூனியன் சட்டையில் இறக்காமல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஜெயித்தார்கள். அதிலிருந்து இன்னொரு வரி சேர்ந்தது: கரை மாறி வந்தவனை முழு நேரமும் ஆட விட வேண்டும். கைலாசபுரம் தொழிற்சாலையில் வேலை பார்த்த தீவுக்காரர் ஒருவருக்கு ஒரு வருஷம் அதே ராத்திரியில் நைட் ஷிப்ட் விழுந்தது. இரவு முழுக்கத் திருச்சிக் கரையில்தான் இருந்தார். ஆனால் தூங்கவில்லை. விதியில் ‘தூங்கினானோ’ என்றுதான் இருக்கிறது, ‘இருந்தானோ’ என்று இல்லை. அவர் சிவந்த கண்ணோடு பாலம் தாண்டி வந்து தீவுக்கே ஆடினார்.

தீவின் கோல்கீப்பர் தமிழ்மணி நேற்று இரவு நம்பியிருந்தது அந்த நைட் ஷிப்டைத்தான். சனிக்கிழமை சாயங்காலம் பானுமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். ஆட்டோ, பாலம், தில்லை நகர், ஸ்கேன், குடல்வால். இரவே ஆபரேஷன். இருக்கட்டும், தூங்காமல் இருந்தால் போதும் என்று நான்கு காபி குடித்தான். ஐந்தாவது குடித்திருக்க வேண்டும்.

செல்போன் அடித்தது. ரெங்கராஜ். தீவு லெவன் கேப்டன். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன், பத்து வருஷமாகத் தமிழ்மணிக்கு முன்னால் நின்று ஆடுகிற டிஃபெண்டர்.

“பானு எப்படிடா இருக்கு?”

“நல்லா இருக்கா.”

“நீ தூங்கலையே?”

தமிழ்மணி எதிரே பார்த்தான். மதுரைவீரன் காபிக் கப்புக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

“இல்ல.”

“ஒரு பொட்டுக்கூட?”

“இல்லங்கறேன்ல.”

“சரி. மூணு மணிக்கு கிரவுண்டுல இரு. மணி, இந்த வருஷம் ஏதாவது ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. கமிட்டி முடிவு பண்ணிடுச்சு. இன்னைக்கு உன் ஆட்டத்தைப் பாத்துட்டுத்தான் நீ உள்ளயா வெளியவான்னு சொல்லுவாங்க.”

போன் அடங்கியது. தமிழ்மணியின் வலது கால் தானாக ஆட ஆரம்பித்தது.

விஷயம் போன வருஷத்தது. எண்பத்தெட்டாவது நிமிஷம், கோல் இல்லாமல் நின்ற ஆட்டம். மதுரைவீரன் தூரத்திலிருந்து ஒரு பந்து அடித்தான். பெரிய அடி இல்லை. தமிழ்மணியின் கைக்குள் வந்த பந்து, எப்படியோ நழுவி, உள்ளே உருண்டது. யூனியன் ஜெயித்தது. அடித்தவன் பெண்டாட்டியின் தம்பி, விட்டவன் அக்காவின் புருஷன். அன்று இரவே ஸ்ரீரங்கத்தில் கதை முடிந்துவிட்டது: மச்சானுக்கு மொய் எழுதிட்டான்.

அன்றிலிருந்து அவன் பெயர் மொய் மணி. அடையவளஞ்சான் வீதியில் அவன் வைத்திருக்கும் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மிக்ஸியைக் கொண்டுவருகிறவர்கள்கூட, “மொய் மணி கடை இதுதானே?” என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். டீக்கடையில் அவன் காசு கொடுத்தால், “உங்ககிட்ட வாங்கறதா, நீங்கதான் கொடுக்கிற ஆளாச்சே” என்றார்கள். கிளப் வாட்ஸ்அப் குழுவில் வாரம் தவறாமல் யாராவது ஒரு மொய்க் கவரின் படத்தைப் போட்டார்கள். ஒரு வருஷம். அதை அழிக்க அவனிடம் இருந்தது இந்த ஒரு ஆட்டம்தான்.

“மாமா,” என்றான் மதுரைவீரன். “நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

“திறந்தாலும் செல்லாது. சாட்சி கிடையாது. அவங்கவங்க சொல்றதுதான்.”

“அதான். நீங்க தீவுலதான் தூங்கினீங்க, இல்ல தூங்கவே இல்ல, என்ன வேணாலும் சொல்லுங்க. உங்களுக்காக நான் விட்டுடறேன்.”

அந்தக் கடைசி வார்த்தை தமிழ்மணிக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது புரியவில்லை.

பானுமதியின் கட்டிலில் ஓரமாக உட்கார்ந்தான்.

“காலை ஆட்டாதீங்க, கட்டில் ஆடுது,” என்றாள் அவள். “என்ன, பொய் சொல்லப் போறீங்களா?”

“உனக்கு யாரு சொன்னா?”

“குறட்டை எனக்கே கேட்டுச்சு. மயக்கத்துல கிடந்த எனக்கே கேட்டுச்சு.”

“போன வருஷத்தை நான் எப்படி பானு சரி பண்றது? இன்னைக்கு விட்டா இல்ல.”

“நான் ஒண்ணும் சொல்லலை.”

“உன் தம்பியும் அதேதான் சொல்றான். ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க.”

மாமியார் இட்லியோடு வந்தார். இவன் ஒரு இட்லியைப் பிட்டு, வைத்துவிட்டு, மருந்துக் கடைக்குப் போனான். மருந்தை வாங்கிக்கொண்டு பில்லை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். மறுபடி போனான். பதினொரு மணிக்கு டாக்டர் வந்து, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார். ஒரு மணிக்குப் பானுமதியே, “கிளம்புங்க. நீங்க இங்க இருந்தா எனக்குத்தான் களைப்பா இருக்கு” என்று அனுப்பினாள்.

சத்திரத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினான். இடம் இருந்தும் நின்றான். பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது, ஓரமாகத் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருந்த மணலைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். ‘தூங்கலைங்க. கண்ணு முழிச்சிருந்தேன்.’ சுலபமாகத்தான் வந்தது. ஏழெட்டுத் தடவை சொன்ன பிறகு, நிஜமாகவே தூங்கவில்லையோ என்றுகூடத் தோன்றியது.

மூன்றரை மணிக்கு, ஸ்ரீரங்கத்துப் பள்ளி மைதானத்தில் இரண்டு அணிகளும் எதிரெதிரே வரிசையாக நின்றன. மஞ்சள் சட்டை தீவு, பச்சைச் சட்டை யூனியன். ஓரங்களில் ஆயிரம் பேர் இருப்பார்கள், முக்கால்வாசி தீவுக்காரர்கள். புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்த ரெஃப்ரி சர்ஃபராஸ், இந்தச் சடங்கை முதல் தடவை பார்ப்பதால், விசிலைக் கையில் பிடித்தபடி வியப்போடு நின்றார்.

முறை இதுதான். ஒரு கிளப் செயலாளர் எதிர் அணி ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகக் கேட்பார். பந்தின் மேல் கை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். கேள்வி ஒரு தடவை, பதில் ஒரு தடவை. அதற்கு மேல் விசாரணை கிடையாது.

தீவின் செயலாளர் அழகர்சாமி யூனியன் வரிசையை முடித்தார். பிறகு யூனியன் செயலாளர் அமலராணி பந்தோடு தீவு வரிசைக்கு வந்தார். கான்வென்ட் ஒன்றில் பி.டி. டீச்சர். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில் இல்லாவிட்டாலும் இருப்பது போன்ற நடை.

“ராத்திரி எங்க தூங்கினீங்க?”

“மேலூர் ரோடுங்க.”

“ராத்திரி எங்க தூங்கினீங்க?”

“வீட்டுலதாங்க. கீழ உத்திர வீதி.”

மூன்று பேர் தள்ளித் தமிழ்மணி. பக்கத்தில் ரெங்கராஜ். “டக்குனு சொல்லிட்டு வா. அவங்க கண்ணைப் பாக்காத,” என்று உதடு அசையாமல் சொன்னான்.

தமிழ்மணி அமலராணியின் கண்ணைப் பார்க்கவில்லை. எதிர் வரிசையைப் பார்த்தான். அங்கே மதுரைவீரன் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒன்றுமில்லை, ஒரு காக்கைகூட இல்லை. நான் எதையும் கேட்கவில்லை, எதையும் பார்க்கவில்லை என்று காட்டுவதற்காக ஒரு மனிதன் அவ்வளவு சிரமப்பட்டு நிற்பதைத் தமிழ்மணி இதுவரை பார்த்ததில்லை.

காலையில் பிடிக்காத வார்த்தை இப்போது விளங்கியது. ‘உங்களுக்காக விட்டுடறேன்.’ ஒரு வருஷமாக ஊர் சொன்னது பொய். மச்சானுக்கும் மாமனுக்கும் நடுவில் ஒரு கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. இன்று இவன் பொய் சொல்லி, அவன் வானத்தைப் பார்த்தால், முதல் தடவையாக ஒன்று இருக்கும். அப்புறம் மதுரைவீரன் அடிக்கிற ஒவ்வொரு பந்துக்கும் இவன் கை என்ன செய்யும் என்று இவனுக்கே தெரியாது.

“ராத்திரி எங்க தூங்கினீங்க?” பந்து அவன் முன்னால் இருந்தது.

கையை வைத்தான். “தில்லை நகர்ல.”

ரெங்கராஜின் மூச்சு பக்கத்தில் கேட்டது.

“ஆஸ்பத்திரியில. முழிச்சிருக்கணும்னுதான் இருந்தேன். தூங்கிட்டேன்.”

அமலராணி பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டார். யூனியனுக்கு இப்படி ஒரு வரவு அவர் எதிர்பார்த்தது இல்லை. வேண்டியதும் இல்லை. அவர் அணியில் டோமினிக் என்று நல்ல கோல்கீப்பர் இருந்தான். ஆனால் விதி விதிதான்.

“இந்தப் பக்கம் வாங்க,” என்றார்.

செய்தி ஓரம் வரை போய்ச் சேர்ந்ததும் வசவு ஆரம்பித்தது. “போடா, மாமியார் வீட்டுக்கே போ.” “போன வருஷம் அட்வான்ஸ், இந்த வருஷம் ஃபுல் பேமென்ட்.” “மொய் மணிக்குப் பச்சை சட்டை ரெடியா வெச்சிருந்தாங்கடா.”

ரெங்கராஜ் அவன் கையைப் பிடித்தான். “காலையில என்கிட்ட என்னடா சொன்ன?”

“பொய் சொன்னேன்.”

“இப்பவும் சொல்லியிருக்கலாம்ல?”

தமிழ்மணி மஞ்சள் சட்டையைக் கழற்றி, மடித்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அழகர்சாமியிடம் நீட்டினான். அவர் வாங்காமல் நாற்காலியைக் காட்டினார். அதன் மேல் வைத்துவிட்டுப் போனான். அவன் இடத்துக்கு அப்துல் ரஹீம் வந்தான். தீவின் மாற்றுக் கோல்கீப்பர், கல்லூரியில் மூன்றாம் வருஷம், இதுவரை ஒரு ஆட்டத்திலும் இறங்கியதில்லை. எதிர்ப்பக்கம் டோமினிக் கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, “என் அப்பா அம்மா ரெண்டு பேரும் பாக்க வந்திருக்காங்கண்ணே” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

நான்கு மணிக்கு விசில்.

முதல் பத்து நிமிஷத்திலேயே தமிழ்மணிக்குத் தன் நிலைமை தெளிவாகிவிட்டது. தீவின் விங்கர் வலது ஓரத்திலிருந்து தூக்கிப் போட்ட பந்தை, இரண்டு தலைகளுக்கு மேலே எம்பி, குத்தி வெளியே தள்ளினான். நல்ல வேலை. கோலுக்குப் பின்னாலிருந்து ஒருவர் நிதானமாகக் கேட்டார்: “போன வருஷம் இந்தக் கை எங்கப்பா போச்சு?”

அதுதான் கணக்கு. எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறானோ, போன வருஷம் விற்றான் என்பது அவ்வளவு உறுதியாகிறது. பிடிக்காமல் விட்டால், அது நிஜமாகவே விற்றது. இரண்டுக்கும் நடுவில் நிற்க இடம் இல்லை. கோல் கம்பத்திலிருந்து கோல் கம்பம் வரை நடந்துகொண்டே இருந்தான். பந்து அந்தப் பக்கம் போனாலும் நிற்கவில்லை.

இடைவேளையில் யூனியன் பையன்கள் யாரும் அவனிடம் பேசவில்லை. அமலராணி மட்டும் தண்ணீர் பாட்டிலோடு வந்தார்.

“பிடிச்சாலும் திட்டுவாங்க, விட்டாலும் திட்டுவாங்க. அது உங்க கவலை,” என்றார். “என் கவலை வேற. அடுத்த பாதியில வெயில் உங்க கண்ணுல அடிக்கும். தொப்பி வேணுமா?”

“வேணாம் டீச்சர்.”

“போட்டுக்கங்க.”

போட்டுக்கொண்டான்.

அறுபத்திரண்டாவது நிமிஷம் மதுரைவீரன் கோல் அடித்தான். அப்துல் ரஹீம் முன்னால் வரலாமா, நிற்கலாமா என்று யோசித்த நேரத்தில் பந்து அவனைத் தாண்டிவிட்டது. பச்சைச் சட்டைகள் எல்லாம் மதுரைவீரன் மேல் விழுந்தன. தமிழ்மணி தன் கோலில் தனியாக நின்றான். கைதட்டவில்லை. அப்துல் ரஹீம் வலையிலிருந்து பந்தை எடுக்கும்போது தலையைக் குனிந்துகொண்டதை, இந்தக் கடைசியிலிருந்தே அவனால் பார்க்க முடிந்தது.

அதற்குப் பிறகு தீவு மொத்தமாக முன்னால் ஏறியது. தமிழ்மணி ஒரு பந்தைக் காலால் தடுத்தான். இன்னொன்றைக் கம்பத்தின் ஓரத்தில் விரல் நுனியால் தள்ளினான். ஒவ்வொன்றுக்கும் வசவு கூடியது. சிலர் அவன் பெண்டாட்டியை இழுத்தார்கள். அவள் வயிற்றில் தையலோடு படுத்திருக்கிறாள் என்று அவர்களுக்கும் தெரியும்.

எண்பத்தாறாவது நிமிஷம், யூனியன் பின்வரிசைக்காரன் ஒருவன் விழப்போகிறவன் போலக் கையை ஊன்றி, பந்தைக் கையாலேயே நிறுத்தினான். சர்ஃபராஸ் தயங்கவில்லை. பெனால்ட்டி.

மைதானம் எழுந்து நின்றது. அடிக்க வருகிறவன் யார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ரெங்கராஜ் பெனால்ட்டி அடித்தால் வலை ஆடி நிற்க நேரமாகும். பத்து வருஷத்தில் ஒன்றுகூட அவன் தவறவிட்டதில்லை. பிராக்டிஸில் அந்தப் பந்துகளை வாங்கி வாங்கித்தான் தமிழ்மணியின் இடது கை மோதிர விரல் கோணலானது.

ரெங்கராஜ் பந்தை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். பிறகு, கோல்கீப்பர் கோட்டைத் தாண்டி நிற்கிறான் என்று முறையிடுகிறவன் போலக் கையை நீட்டிக்கொண்டே நேராக அவனிடம் வந்தான்.

“வலது பக்கம் குதி,” என்றான் மெதுவாக. “நான் நடுவுல போடறேன். டிரா ஆயிடும், யாருக்கும் நஷ்டம் இல்ல. போன வருஷத்தை நான் முடிச்சு வெக்கறேன். கமிட்டிக்கு நான் பொறுப்பு.”

பதிலுக்கு நிற்கவில்லை. கோட்டைச் சுட்டிக்காட்டி ஒரு தடவை சத்தம் போட்டுவிட்டுத் திரும்பிப் போனான்.

முடித்து வைக்கிறேன். ஒரு வருஷமாக அவன் கேட்கக் காத்திருந்த சொல். வலது பக்கம் விழுந்தால் போதும். பெனால்ட்டிக்குத் தவறான பக்கம் விழாத கோல்கீப்பர் உலகத்தில் இல்லை. யூனியன்காரர்கள்கூட எதுவும் சொல்ல மாட்டார்கள்.

விசில்.

காலையிலிருந்து ஒரு இடத்தில் நிற்காத கால்கள் அப்போது நின்றன. தமிழ்மணி எந்தப் பக்கமும் போகவில்லை.

ரெங்கராஜ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். பந்து நடுவில் வந்தது. காலியாகப் போகிற இடத்துக்கு எதற்கு வேகம் என்று நினைத்தானோ என்னவோ, ஒரு குழந்தைக்குத் தட்டிவிடுவது போல வந்தது. தமிழ்மணியின் வயிற்றில் மோதியது. இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள்.

பிறகு கூட்டத்திலிருந்து யாரோ சொன்னார்கள். கத்தக்கூட இல்லை, புரிந்துகொண்டவன் குரலில் சொன்னார்கள்: “ரெங்கா மொய் எழுதிட்டான்டா.”

அவ்வளவுதான். மீதி நான்கு நிமிஷமும் ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை. நாற்பத்தொன்றாவது ஆட்டம் ஒன்றுக்குச் சைபர் என்று யூனியனுக்குப் போனது. முடிவு விசில் ஊதியதும் கூட்டம் தமிழ்மணியை விட்டுவிட்டு ரெங்கராஜைச் சூழ்ந்தது.

“அப்படியா அடிப்ப நீ? அப்படித்தான் அடிப்பியா?”

“ஸ்கூல் வேன் டியூ கட்டிட்டியா ரெங்கா?”

“அடிக்கறதுக்கு முன்னாடி போய் என்னமோ பேசினானே, நான் பாத்தேன். ரெண்டு பேரும் கூட்டு.”

ரெங்கராஜ் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே தமிழ்மணியைத் தேடினான். ஒரு வருஷம் முன்னால் இதே கூட்டத்துக்கு நடுவில் நின்று தமிழ்மணி அவனை அப்படித் தேடியிருக்கிறான். அன்று ரெங்கராஜ் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

தமிழ்மணி உள்ளே நுழைந்தான். “அவன் விக்கலை.”

“வந்துட்டாருய்யா, வாங்கினவரே சாட்சிக்கு.”

“அவன் அடிச்சான். நான் பிடிச்சேன். அவ்வளவுதான்.”

சிரித்தார்கள். ஒருவர் அவன் முதுகில் தட்டி, “நீ நல்லவன்ப்பா, இவன்தான்...” என்று ஆரம்பித்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு தீவில் ஒருவர் அவனை நல்லவன் என்று சொல்கிறார். தமிழ்மணிக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்து, பச்சைச் சட்டையோடு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து வேகமாக நடந்தான்.

அம்மா மண்டபம் ரோட்டில் பின்னாலிருந்து ஹாரன். மஞ்சள் ஸ்கூல் வேன். வேறு யாரும் இல்லை.

“ஏறு. தில்லை நகர்தானே.”

ஏறினான். பாலத்தில் வண்டிகள் தேங்கி நின்றன.

“ஏன் சொல்லலை?” என்றான் ரெங்கராஜ். “நான் கேட்டதை அங்கேயே சொல்லியிருக்கலாம்ல? உன் மேல இருக்கறதும் போயிருக்கும்.”

“சொல்லியிருந்தா உன்னைக் கிழிச்சிருப்பாங்க.”

“இப்ப மட்டும் கொஞ்சறாங்களா?” ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தான். “இருபது நிமிஷம் மணி. இருபது நிமிஷமே என்னால தாங்க முடியலை.”

“நான் போன வருஷம் வித்தேன்னு நீ நம்பினியா?”

முன்னால் பஸ் ஒன்று ஒரு அடி நகர்ந்து நின்றது. ரெங்கராஜ் வண்டியை நகர்த்தவில்லை.

“இல்ல.”

“தெரிஞ்சுமா?”

“உனக்கு முன்னாடி நின்னவன் நான். பந்து எப்படி நழுவுச்சுன்னு பாத்தேன். தோத்தா யாராவது ஒருத்தன் வேணும் மணி. நான் கேப்டன். நீ இல்லைன்னா நானாத்தான் இருந்திருப்பேன்.”

தமிழ்மணிக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. வேனிலிருந்து இறங்கி நடக்க வேண்டும் போலவும் இருந்தது. கதவின் பிடியில் கை போனது. அதற்குள் ரெங்கராஜ் செல்போனை எடுத்து, தீவு லெவன் குழுவைத் திறந்து, பேசிப் பதிவு செய்கிற பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தான்.

“ரெங்கராஜ் பேசறேன். பெனால்ட்டி அடிக்கறதுக்கு முன்னாடி நான் போய் மணிகிட்ட பேசினேன். பந்தை விடச் சொன்னேன். வலது பக்கம் குதி, நடுவுல போடறேன்னு நான்தான் சொன்னேன். அதனாலதான் மெதுவா அடிச்சேன். அவன் விடலை. போன வருஷமும் அவன் விடலை, பந்து நழுவுச்சு. நான் பக்கத்துல இருந்து பாத்தேன். பாத்தும் சொல்லலை. நான் யார்கிட்டயும் எதுவும் வாங்கலை.”

கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. பின்னால் ஹாரன்கள் கிளம்பின. தமிழ்மணி அந்த விரலையே பார்த்தான். விரலைப் பக்கவாட்டில் இழுத்தால் பேசியது எல்லாம் அழிந்துவிடும்.

ரெங்கராஜ் விரலை எடுத்தான். போய்விட்டது.

“உனக்காகன்னு நினைக்காத,” என்றான் வண்டியைக் கியரில் போட்டுக்கொண்டே. “கேட்டவன்னு பேர் வந்தா வரட்டும். வித்தவன்னு என்னால இருக்க முடியாது.”

இரண்டு செல்போன்களும் ஒரே நேரத்தில் அதிர ஆரம்பித்தன. பாலம் முடியும் வரை அதிர்ந்தன. இருவரும் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பானுமதி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் போட்டிருந்த சட்டையை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

“யாரு ஜெயிச்சா?”

“நாங்கதான்.”

“எந்த நாங்க?”

அவன் குனிந்து தன் பச்சைச் சட்டையைப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. “ஐயோ, சிரிக்க வெக்காதீங்க, தையல் இழுக்குது,” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்கும் வரை நின்றுகொண்டேதான் இருந்தான். பிறகு செல்போனை அவளிடம் கொடுத்தான். “நீயே படி. எனக்குப் பயமா இருக்கு.”

அவள் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். “ரெங்கராஜைத் திட்டியிருக்காங்க. ரொம்ப. இவரு யாரு... ரெண்டு பேரும் சேர்ந்து நாடகம் போடறாங்கன்னு எழுதியிருக்காரு. அப்துல் ரஹீம் உங்களுக்கு ஒரு கும்பிடு போட்டிருக்கான். இன்னொருத்தர் மறுபடி ரெங்கராஜை. இது அழகர்சாமி சார், உங்களுக்குத் தனியா அனுப்பியிருக்காரு.”

“என்னன்னு?”

“வேற ஒண்ணும் இல்ல. ‘மணி, அடுத்த சீசனுக்கு ஜெர்சி தைக்கக் கொடுக்கிறோம். சைஸ் அனுப்பவும்.’”

தமிழ்மணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். செல்போனை வாங்கி அந்த ஒரு வரியை இரண்டு தடவை படித்தான். ‘நாற்பது’ என்று அடித்தான்.

பானுமதி எட்டிப் பார்த்தாள். “நாப்பத்திரண்டுன்னு போடுங்க. வயித்தைப் பாத்தீங்களா?”

அழித்துவிட்டு, நாற்பத்திரண்டு என்று போட்டு அனுப்பினான்.